நாங்களே கொண்டுபோன கடிதம்

கலஹா ஏற்றத்தில் பஸ் முக்கி முனகிக்கொண்டு ஏறியது. என் மடியில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல். அதற்குள் நன்றாக ஒட்டிய பழுப்பு உறை ஒன்று. உறையின் மேல், எங்கள் வகுப்பு டீச்சரின் கையெழுத்தில் எங்கள் கூட்டாளி புவனேஸ்வரியின் பெயர்.

பக்கத்தில் தர்ஷிகா, குமட்டலுக்கு எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு வளைவிலும் என் கையைப் பிடித்து, "கடிதம் கிடக்குதோ?" என்று கேட்டாள்.

"இரிக்கி, இரிக்கி" என்று நான் ஃபைலைத் தட்டிக் காட்டினேன்.

எங்களுக்குப் பதினாறு முடிந்திருந்தது. பெரியவர் துணையில்லாமல் அவ்வளவு தூரம் போவது இருவருக்கும் முதல் தடவை. நெஞ்சில் பெருமை பொங்கியது என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் பொங்கத்தான் செய்தது.

அந்தப் பெருமைக்கு என்ன ஆனது என்பதுதான் இந்த வாரப் பத்தி. போன வாரம் வாப்பாவின் கடையைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, நல்ல பிள்ளை என்று என்னைப் பாராட்டியவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நடுவரின் கதிரை

இது இப்போது ஞாபகத்துக்கு வரப் பள்ளிப் பிள்ளைகள்தான் காரணம். நான் கண்டியில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளர். சிங்களத்தில் வரும் கடிதங்களைத் தமிழாக்கி அனுப்புவது வேலை. பத்திரிகையில் நாலு வரி எழுதுகிறவள் என்பதால், சிறுகதைப் போட்டிக்கு நடுவராக வரச் சொல்லி வருடத்துக்கு ஒரு பாடசாலையாவது கூப்பிடும். ஒரு கதிரை, ஒரு சோடா, ஒரு கட்டுக் கதைகள்.

இந்த முறை தலைப்பு நட்பு. கட்டில் இருந்தவை அநேகமாக ஒரே கதை. மூன்று கூட்டாளிகள். ஏதோ ஒன்று தொலைந்துபோகிறது. நாய்க்குட்டியோ, புதையல் வரைபடமோ, யாராவது ஒருவரின் தம்பியோ. மூவரும் வீட்டுக்குச் சொல்லாமல் ஹந்தானை மலைக்குத் தேடப் போகிறார்கள். மழை வரும், பாம்பு வரும், சண்டை வரும். ஒருவர் கோபித்துக்கொண்டு தனியாகப் போய்ப் பள்ளத்தில் விழுவார். மற்ற இருவரும் தூக்கிவிடுவார்கள். தேடிப் போன பொருளைவிட நட்பே பெரிது என்று கதையின் கடைசிப் பந்தியில் மூவருக்கும் ஒரே நேரத்தில் விளங்கும்.

நான் குறை சொல்லவில்லை. பெரியவர்கள் பெரியவர்களுக்கு எழுதும் நாவல்களிலும் இதே கதைதான் நடக்கிறது, பாம்பு மட்டும் கொஞ்சம் நீளம். வளர்கிற வயதில் எதையாவது தேடிப் புறப்பட வேண்டும், கூட ஆள் வேண்டும், வழியில் கஷ்டப்பட வேண்டும். திரும்பி வரும்போது மீசை முளைத்திருக்க வேண்டும், அல்லது அதற்குச் சமமான ஏதோ ஒன்று.

பக்கத்துக் கதிரையில் இருந்த தமிழ் ஆசிரியர், "எல்லாம் ஒரே மாதிரி இருக்கே மேடம், எத வச்சுப் பரிசு குடுக்கிறது?" என்று கேட்டார்.

"தேடப்பட்ட ஆள் எந்தக் கதையிலயாவது வாயைத் திறக்குதான்னு பாப்போம் சேர்" என்றேன்.

பார்த்தோம். ஒன்றிலும் திறக்கவில்லை. நாய்க்குட்டி வாலை ஆட்டியது, தம்பி அழுதான், அத்தோடு சரி. பாம்பு நன்றாக வந்திருந்த கதைக்கு முதல் பரிசைக் கொடுத்துவிட்டு வந்தோம். திகனைக்குத் திரும்பும் பஸ்ஸில் எனக்குக் கடிதத்தோடு தெல்தோட்டைக்குப் போன அந்தப் பயணம் ஞாபகம் வந்துவிட்டது.

மூன்று மறுப்புகள்

கண்டியில் நாங்கள் படித்த பாடசாலையில் மூவரும் ஒரே வாங்கில் உட்கார்ந்திருந்தோம். நான் திகனையில் இருந்து வருகிறவள். தர்ஷிகா யாழ்ப்பாணத்துப் பிள்ளை; அவள் அப்பாவுக்கு வங்கியில் இடமாற்றம் கிடைத்துக் குடும்பத்தோடு கண்டிக்கு வந்திருந்தார்கள். புவனா தெல்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை, விடுதியில் தங்கிப் படித்தாள்.

ஒரு வேலையைச் செய்யச் சொன்னால் நான் "ஏலா" என்பேன், தர்ஷிகா "ஏலாது" என்பாள், புவனா "முடியாதுங்க" என்பாள். மூவரும் வரிசையாக மறுப்பதைக் கேட்கவே சில டீச்சர்மார் எங்களுக்கு வேலை சொல்வார்கள்.

எங்களில் கெட்டிக்காரி புவனா. சாதாரண தரப் பரீட்சை முடிவு வந்தபோது எனக்குக் கலைப் பிரிவு, தர்ஷிகாவுக்கு வர்த்தகம், புவனாவுக்கு உயிரியல் என்று ஆனது. அவள் தோட்டத்தில் அதற்கு முன்பு யாரும் உயிரியல் படித்ததில்லை. தெல்தோட்டைப் பக்கம் அந்தக் காலத்தில் அதைப் படிக்க வசதியும் இல்லை. கண்டியில் எங்கள் பாடசாலையில் இடம் கிடைத்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. அந்த இடத்துக்குத்தான் கடிதம். பெற்றோரோடு நேர்முகத்துக்கு வந்து கையெழுத்துப் போட வேண்டும்.

கண்டக்டர் கை

எங்கள் இருவருக்கும் கடிதம் தபாலில் வந்தது, அடுத்த வாரம் புதன்கிழமை வரச் சொல்லி. தோட்டத்துக்குத் தபால் போவது வேறு கதை. எல்லார் கடிதமும் மொத்தமாகத் தோட்ட ஒபிசுக்குப் போகும், அங்கிருந்து யாருக்காவது நேரம் இருக்கும்போது தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு வரும். அதனால் ஒரு திங்கட்கிழமை டீச்சர் எங்களைக் கூப்பிட்டு அந்தப் பழுப்பு உறையைத் தந்தார்.

"புவனாட கடிதம். வீட்டுக்கு போன் அடிச்சன், லைன் போகுதில்ல. இண்டைக்கே தெல்தோட்டை பஸ்ல குடுத்து விடுங்க."

இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. எங்கள் பக்கத்தில் மருந்து, தைத்த சட்டை, கலியாணப் பத்திரிகை என்று எல்லாம் கண்டக்டர் கையில்தான் போகும். அவர் அதைச் சந்தித் தேத்தண்ணிக் கடையில் இறக்கிவிடுவார். கடைக்காரர் சுவரில் தொங்கப் போடுவார். அந்தத் தோட்டத்துக்கு ஏறிப் போகிற முதல் ஆள் எடுத்துக்கொண்டு போவார். விடுதியில் புவனா விட்டுப்போன மூக்குக் கண்ணாடியைக் காலையில் பஸ்ஸில் கொடுத்தோம். பின்னேரம் அதைப் போட்டுக்கொண்டு எங்களுக்கு போன் பண்ணினாள்.

ஆக, இருபது நிமிடத்தில் முடிகிற வேலை. பஸ் நிலையம் வரை நடக்க வேண்டும், அவ்வளவுதான். நடந்தோம். தெல்தோட்டை பஸ்ஸும் நின்றது. கண்டக்டர் கையை நீட்டவும் செய்தார்.

நான் கையை இழுத்துக்கொண்டேன்.

"இத எப்பிடி இவர்ட்ட குடுக்கிறெ? இது என்ன மூக்குக் கண்ணாடியா? அவள்ட வாழ்க்க இதுக்குள்ளதான் இரிக்கி" என்றேன்.

தர்ஷிகாவுக்கும் கண் கலங்கிவிட்டது. "ஓமடி. நாங்களே கொண்டுபோய்க் குடுப்பம்" என்றாள்.

வாழ்நாளில் நான் எடுத்த முடிவுகளில் இவ்வளவு அழகாகத் தோன்றிய முடிவு வேறில்லை. கண்டக்டர் எங்கள் இருவரையும் ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு மணியை அடித்தார்.

பயண ஏற்பாடு

தேடிப் புறப்படும் கதைகளில் கட்டாயம் வரும் கட்டம் இது. தடைகள்.

முதல் தடை வாப்பா. "அந்தப் புள்ளய இங்க வரச் செல்லேலாதா? நீங்க என்னத்துக்குக் காடு மலையெல்லாம் ஏறுற?" என்று கேட்டார். நல்ல கேள்வி. நான் இரண்டு நேரம் சாப்பிடாமல் இருந்து அதற்குப் பதில் சொன்னேன். மூன்றாம் நேரம் உம்மா இரங்கி, அவரையும் இரங்க வைத்தார்.

இரண்டாம் தடை தர்ஷிகாவின் அப்பா. சனிக்கிழமை என்றால் போகலாம், வேறு நாளில் வெளிக்கிட வேண்டாம் என்று முடிவாகச் சொல்லிவிட்டார்.

சனிக்கிழமைதானே, என்ன வந்தது? எங்களுக்கு நேர்முகம் அடுத்த புதன். அவளுக்கும் அதுவாகத்தான் இருக்கும். இருவருக்கும் ஒரு நிமிடம்கூட அதில் சந்தேகம் வரவில்லை.

உறையைத் திறந்து பார்த்திருக்கலாமே என்று கேட்பீர்கள். ஒருநாள் தர்ஷிகாவும் கேட்டாள். நான் சீறி விழுந்தேன். தூது போகிறவர் பிறர் கடிதத்தைத் திறப்பதா? நம்பிக்கைத் துரோகம் இல்லையா? புவனாவின் வீட்டு போனுக்கு மறுபடி அடித்துப் பார்க்கலாம் என்றும் அவள்தான் சொன்னாள். அதற்கும் நான் விடவில்லை. திடீரென்று போய் நின்றால்தானே நல்லாயிருக்கும்.

இப்படியாக, இருபது நிமிட வேலையை ஐந்து நாள் பத்திரமாக வைத்திருந்தேன். தினமும் அலுமாரியைத் திறந்து உறை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன்.

மேட்டு லயம்

சந்தியில் இறங்கிய பிறகு ஒரு மணித்தியால ஏற்றம். இரவு பெய்த மழையில் பாதை களிமண்ணாகிக் கிடந்தது. தர்ஷிகா வழுக்கி விழுந்தாள், தூக்கப் போன நானும் விழுந்தேன். அட்டை கடித்தது. ஒரு நாய் துரத்தியது. பாம்பு மட்டும் வரவில்லை, வந்திருந்தால் போட்டிக்கே அனுப்பலாம்.

புவனா வாசலில் உடுப்புக் காயப் போட்டுக்கொண்டிருந்தாள். எங்களைக் கண்டதும் ஈரச் சட்டையைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றாள்.

"அடியேய், நீங்களா? எப்படி வந்தீங்க?"

நான் ஃபைலை நீட்டினேன். அந்தக் கணத்துக்காக வழி முழுக்க ஒத்திகை பார்த்து வந்திருந்தேன்.

அவள் கையைப் பாவாடையில் துடைத்துவிட்டு உறையைக் கிழித்தாள். வாசித்தாள். திரும்பவும் முதலில் இருந்து வாசித்தாள். பிறகு நாலாக மடித்து டீவிக்குக் கீழே வைத்தாள்.

"என்ன போட்டிருக்கு?" என்று கேட்டேன்.

"வரச் சொல்லித்தான் போட்டிருக்காங்க."

"கிடைச்சிட்டுதோ அப்ப? நான் சொன்னனான்தானே" என்று தர்ஷிகா அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

புவனா எங்கள் சேற்றுக் கால்களைப் பார்த்தாள். "மொதல்ல கால கழுவுங்க. ரொட்டி சுடுறேன்" என்றாள்.

ரொட்டியும் கட்டைச் சம்பலும் தின்றோம். இஞ்சி போட்ட சாயத் தேத்தண்ணி குடித்தோம். தேயிலைக்குள் நின்று படம் எடுத்தோம். அந்தப் படம் என்னிடம் இன்னும் இருக்கிறது. நானும் தர்ஷிகாவும் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறோம், புவனாவும் சிரிக்கத்தான் செய்கிறாள்.

பின்னேரம் அவள் அப்பா வேலை முடிந்து வந்தார். எங்களைப் பஸ்ஸுக்குக் கொண்டுபோய் விட்டவர் அவர்தான். ஆளுக்கொரு பை நிறையப் போஞ்சிக்காய் கட்டிக் கொடுத்து, இரண்டு பையையும் சந்தி வரைக்கும் அவரே சுமந்துகொண்டு வந்தார். "எங்க புள்ளைக்காக இம்புட்டுத் தூரம் வந்திருக்கீங்களேம்மா" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். புவனா அவரிடம் இன்னும் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. இது எனக்கு அப்போது தெரியாது.

அறிவித்தல் பலகை

திங்கட்கிழமை பாடசாலைக்குப் போனபோது உயிரியல் பிரிவின் பெயர்ப் பட்டியலை ஒட்டியிருந்தார்கள். புவனாவின் பெயர் அதில் இல்லை. உயிரியலுக்கு நேர்முகம் வெள்ளிக்கிழமையே முடிந்துவிட்டது. வராத பிள்ளையின் இடத்தை, காத்திருந்த இன்னொரு பிள்ளைக்குக் கொடுத்துவிட்டார்கள்.

நாங்கள் பலகையைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே டீச்சர் பின்னால் வந்தார்.

"என்ன, புவனா வெள்ளிக்கிழமை வரல்லயே? கடிதத்தக் குடுத்தீங்கதானே?"

வாசகர்களே, இங்கேதான் கதைகளில் பிள்ளைகள் பெரியவர்களாகிற இடம் வரும். உண்மையைச் சொல்லியிருக்கலாம். 'டீச்சர், பிழை எங்கட. நாங்க பிந்திக் குடுத்தோம்' என்று சொன்னால் டீச்சர் ஏசியிருப்பார், பிறகு பாடசாலை அதிபரிடம் ஓடியிருப்பார். இடத்தைத் திருப்பி எடுத்திருப்பாரோ என்னவோ, ஓடியிருப்பார் என்பது நிச்சயம்.

"குடுத்தோம் டீச்சர். வீட்டுல விருப்பமில்ல போல" என்றேன்.

எங்கிருந்து அந்தச் சொல் வந்தது என்று எனக்குத் தெரியாது. ஆனால் அது எடுபடும் என்று மட்டும் தெரிந்திருந்தது. தோட்டத்துப் பிள்ளை, பொம்பிளைப் பிள்ளை, வீட்டில் விருப்பமில்லை. யார்தான் நம்ப மாட்டார்கள்? டீச்சர் பெருமூச்சு விட்டார். "நான் நினைச்சன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

"ஏனடி அப்பிடிச் சொன்னனி?" என்று தர்ஷிகா கேட்டாள்.

"அப்ப நீ போய் டீச்சர்ட்ட செல்லு."

அவளும் போகவில்லை. அதற்குப் பிறகு நாங்கள் ஒரே வாங்கில் இருக்கவும் இல்லை. பிரிவு வேறு என்று எல்லாருக்கும் காரணம் சொன்னோம். அடுத்த வருடம் அவள் அப்பாவுக்குத் திரும்பவும் யாழ்ப்பாணம் கிடைத்தது. போகும்போது சொல்லிக்கொண்டு போகவில்லை.

செவ்வாய்க்கிழமை புவனாவின் அப்பா பாடசாலைக்கு வந்தார். வெள்ளைச் சட்டை போட்டு, தலையைப் படிய வாரி, கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டுக்குப் பக்கத்தில் காவலாளியிடம் பேசிக்கொண்டிருந்தார். நான் கண்டேன். அவர் என்னைக் காண முன்னம் கன்டீன் பக்கம் திரும்பிவிட்டேன். உள்ளே யார் அவரிடம் என்ன சொன்னார்கள் என்று நான் ஒருநாளும் விசாரிக்கவில்லை.

புவனா தெல்தோட்டையிலேயே கலைப் பிரிவு படித்தாள். நன்றாகத்தான் படித்தாள். இப்போது அந்தப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் ஆங்கில டீச்சர், இரண்டு பிள்ளைகளின் தாய். எங்கள் கூட்டு விட்டுப்போகவில்லை. பெருநாளுக்கு அவள் வாழ்த்து அனுப்புவாள், தீபாவளிக்கு நான். அவள் அப்பா போன வருடம் தவறினார். நான் சாவுக்குப் போனேன். அங்கேயும் ஒன்றும் சொல்லவில்லை.

ஒரு போன்

ஒருவரைப் பற்றி எழுதும் முன் அவரைக் கேட்டுவிட்டு எழுதுவது இந்தத் தொடரில் நான் வைத்துக்கொண்ட வழக்கம். போன ஞாயிறு புவனாவுக்கு அடித்தேன். கடிதம் பிந்திப் போன கதையை எழுதப் போகிறேன் என்றேன்.

சிரித்தாள். "அதுவா? அன்னைக்கே தெரியுமே. வெள்ளிக்கெழமன்னு கொட்டை எழுத்துல போட்டிருந்துச்சே. நீங்க ரெண்டு பேரும் ஒடம்பெல்லாம் சேறு, காலெல்லாம் ரத்தம். எப்படிச் சொல்றது? அழுதுருவீங்கன்னு விட்டுட்டேன்."

"கோவம் வரல்லயா?"

"வந்துச்சு. ரொட்டி சுடுறதுக்குள்ள போயிருச்சு. சின்னப் புள்ளைங்கதானே நாம."

அங்கேயே போனை வைத்திருக்கலாம். அழகான முடிவு, போட்டியில் பரிசே கிடைக்கும். ஆனால் இரண்டாவது விஷயத்தையும் சொன்னேன். பலகைக்கு முன்னால் டீச்சரிடம் நான் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தை.

 அந்தப் பக்கம் அவளுடைய பிள்ளைகளில் ஒன்று எதையோ சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தது. "உள்ள போய்ப் படி" என்று அதை அனுப்பினாள்.

"நீயா சொன்ன?"

"நான்தான்."

"அப்பா அன்னைக்கு ஸ்கூலுக்குப் போயிட்டு வந்து, 'நமக்கு விருப்பமில்லன்னு யாரோ சொல்லியிருக்காங்களாமே'ன்னு மட்டும் சொன்னாரு. சொல்லிட்டு என் மூஞ்சியவே பாத்தாரு. கடிதம் பிந்துனதுக்கு மட்டும்னா எடம் குடுத்திருப்பாங்க, அவருதான் எப்பயோ டீச்சர்கிட்ட அப்படிச் சொல்லியிருக்காருன்னு நான் நெனச்சேன். ஒன்னும் கேக்கல. அப்புறம் கொஞ்ச வருஷம் அவருகிட்ட சரியாவே பேசல."

நான் போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"ஆஸ்பத்திரியில கெடந்தப்ப அவரு கேட்டாரு. 'வீட்டுக் கஷ்டத்தப் பாத்து நீதானேம்மா வேணாம்னு சொல்லிவிட்ட'ன்னு. நான் இல்லப்பான்னு சொன்னேன். அவரு நம்பல. நானும் அவரு மறைக்கிறாருன்னுதான் நெனச்சேன்."

"என்ன மன்னிச்சுக்க புவனா" என்றேன். 

"அவரு இருக்கும்போதே சொல்லியிருக்கலாமேடி."

நான் அழுதேன். அவள் அழவில்லை. எழுதாமல் விட்டுவிடுகிறேன், இல்லாவிட்டால் பேர்களை மாற்றிவிடுகிறேன் என்றேன்.

"வேணாம். எழுது" என்றாள். "எங்க அப்பா பேர மட்டும் மாத்தாத. அவரு வேணாம்னு சொல்லலன்னு போடு."

அவர் பெயர் வேலாயுதம். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை.